செவெல் எல்எஸ்6, ஹெமி குடா: பழைய அமெரிக்கக் கார்களைச் சேகரிப்பவர்கள் எதைப் பார்த்து விலை வைக்கிறார்கள்?

பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றிப் பேச்சு கிளம்பினால் இரண்டு பெயர்கள் கட்டாயம் மோதிக்கொள்ளும். ஒன்று 1970-இல் வந்த செவர்லே செவெல் எஸ்எஸ் 454, அதிலும் எல்எஸ்6 என்ற பலமான எஞ்சின் வைத்தது. மற்றொன்று அதே ஆண்டின் பிளைமவுத் ஹெமி குடா. ‘செவெல் 450 குதிரைத்திறன், குடா வெறும் 425, இதில் பேச என்ன இருக்கிறது’ என்பார் ஒருவர். ‘ஒரு ஹெமி குடா 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது தெரியுமா’ என்று மற்றவர் மடக்குவார்.

இருவர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் இந்த இரண்டு தகவலையும் கையில் வைத்துக்கொண்டு, கண்முன்னால் நிற்கும் ஒரு காருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று யோசித்தால் ஒன்றும் பிடிபடாது. சேகரிப்பாளர்கள் வேகத்தை வைத்து இந்தக் கார்களை எடைபோடுவதில்லை. தொழிற்சாலையிலிருந்து இந்தக் கார் இப்படித்தான் வெளியே வந்தது என்று எவ்வளவு தூரம் நிரூபிக்க முடிகிறதோ, அவ்வளவு தூரம்தான் விலை ஏறும். ஏன் அப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## சாதாரணக் காருக்குள் பெரிய எஞ்சின்

இந்த வகைக் கார்களை மசில் கார்கள் என்பார்கள். இவை பந்தயத்துக்கென்று தனியாக வடிவமைத்தவை அல்ல. குடும்பங்கள் வாங்கி ஓட்டிய நடுத்தர அளவுக் காரில், பெரிய காருக்கென்று செய்த எஞ்சினை இறக்கி, கையில் அதிகம் காசில்லாத இளைஞர்களுக்கு எட்டும் விலையில் விற்றார்கள். 1964-இல் வந்த பான்டியாக் ஜிடிஓ-வைத்தான் பெரும்பாலோர் இந்த வகையின் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

அந்தத் தொடக்கத்தில் ஒரு குறும்பு இருக்கிறது. பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், இந்த அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று விதி வைத்திருந்தது. கன அங்குலம் என்பது எல்லாச் சிலிண்டர்களின் கொள்ளளவையும் கூட்டிச் சொல்லும் அளவு. 61 கன அங்குலம் ஏறக்குறைய ஒரு லிட்டர். பான்டியாக்காரர்கள் தங்கள் 389 கன அங்குல எஞ்சினைப் புதிய மாடல் என்று அறிவிக்கவில்லை. டெம்பஸ்ட் என்ற சாதாரணக் கார் வரிசையில், கூடுதல் பணம் கட்டினால் கிடைக்கும் ஓர் ஆப்ஷனாக அதை விற்றார்கள். விதி மாடலுக்குத்தானே, ஆப்ஷனுக்கு இல்லையே!

இன்றைக்கு இருக்கும் குழப்பத்தில் பாதி இந்தக் குறுக்குவழியிலிருந்து வந்தது. மசில் கார் என்பது பெரும்பாலும் ஆர்டர் படிவத்தில் யாரோ போட்ட சில டிக் குறிகள்தான். அந்த டிக் இல்லாமல் அதே உடம்போடு லட்சக்கணக்கான சாதாரணக் கார்களும் சாலையில் ஓடின. ஐம்பது வருடம் கழித்து எது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

## இரண்டு கார்களின் கதை

செவர்லேவுக்கும் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வரம்பைப் பின்னர் 400 கன அங்குலமாக உயர்த்தியது. 1970 மாடல்களுக்கு அதையும் எடுத்துவிட்டது. உடனே செவெலுக்குள் 454 கன அங்குல, அதாவது 7.4 லிட்டர் எஞ்சின் வந்து உட்கார்ந்தது. அதில் இரண்டு வகை: 360 குதிரைத்திறன் என்று சொல்லப்பட்ட எல்எஸ்5, 450 என்று சொல்லப்பட்ட எல்எஸ்6. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் ஒரே ‘எஸ்எஸ் 454’ பட்டைதான். காரில் 454 என்று எழுதியிருப்பதைப் பார்த்து எல்எஸ்6 என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. எல்எஸ்6 எஞ்சின்கள் 4,475 விற்றதாகப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கில், செவெலின் பிக்-அப் உறவான எல் கமீனோவும் அடக்கம். செவெலில் இந்த எஞ்சின் அந்த ஒரே ஒரு ஆண்டுதான் வந்தது.

குடா என்பது பிளைமவுத் பாரகுடாவின் வேகமான வகை. அதையும் பல எஞ்சின்களோடு வாங்கலாம். அந்த வரிசையின் உச்சியில் இருந்தது 426 கன அங்குல ஹெமி. எரிபொருள் எரியும் அறை அரைக்கோள வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். அரைக்கோளத்தில் காற்று உள்ளே வரும் வால்வும் புகை வெளியே போகும் வால்வும் எதிரெதிரே சாய்ந்து நிற்கும். அதனால் வால்வுகளைப் பெரிதாக வைக்கலாம், காற்றும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தடையில்லாமல் போகும். எஞ்சின் எவ்வளவு காற்றை விழுங்குகிறதோ அவ்வளவு பலம் தரும்.

இதை முதலில் பந்தயத்துக்குத்தான் செய்தார்கள். 1964 டேட்டோனா 500 பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி வெற்றி பெற்றார். முதல் மூன்று இடங்களும் ஹெமி கார்களுக்கே போயின. அடுத்த ஆண்டு, அந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு, கடையில் கிடைக்காத எஞ்சினுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்தியது. சரி, கடையிலேயே விற்றுவிடுவோம் என்று 1966-இல் பிளைமவுத்தின் தாய் நிறுவனமான கிரைஸ்லர் அதைச் சாலைக் கார்களுக்கும் கொண்டுவந்தது. 1970 குடாவில் இந்த எஞ்சினுக்கு மட்டும் கூடுதலாக 871 டாலர். மூன்று கார்புரேட்டர் வைத்த 440 எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான விலைக்குக் கிடைத்தது, வேகத்திலும் கிட்டத்தட்ட ஈடுகொடுத்தது. காப்பீட்டுக் கட்டணமும் ஹெமி என்றால் எகிறும். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான்: 1970-இல் 652 மூடிய கார்கள், 14 கன்வெர்டிபிள்கள். கன்வெர்டிபிள் என்றால் துணிக்கூரையை மடித்துத் திறக்கக்கூடிய கார்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இரண்டுமே சாதாரணக் காரின் மேல் ஆப்ஷனாக ஏறிய பெரிய எஞ்சின்கள். செவெல் சில ஆயிரம், குடா சில நூறு.

## 450 பெரிதா, 425 பெரிதா

இந்த இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைப்பதில் அர்த்தமே இல்லை என்பது என் கருத்து. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் ‘கிராஸ்’ குதிரைத்திறனைத்தான் விளம்பரப்படுத்தின. எஞ்சினைக் காரிலிருந்து தனியே எடுத்து மேடையில் வைத்து, காற்று வடிகட்டி, ஆல்டர்னேட்டர், சைலன்சர் போன்ற சுமைகள் எதுவும் இல்லாமல் ஓட்டி அளந்த எண் அது. காரில் பொருத்தியபடியே எல்லாச் சுமையோடும் அளந்தால் கிடைப்பது ‘நெட்’ குதிரைத்திறன். 1972-இலிருந்து நெட் கணக்கு வழக்கமானது.

இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு 1971-இல் ஒரு நல்ல சாட்சி கிடைக்கிறது, ஏனென்றால் அந்த ஆண்டு சில நிறுவனங்கள் இரண்டு எண்களையும் சேர்த்தே வெளியிட்டன. அதே 426 ஹெமிக்குக் கிராஸ் 425, நெட் 350. 1971-ஆம் ஆண்டு எல்எஸ்5 எஞ்சினுக்குக் கிராஸ் 365, நெட் 285. எஞ்சினில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. அளந்த விதம்தான் வேறு. ‘1972-இல் கார்கள் திடீரென்று பலமிழந்துவிட்டன’ என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மாசுக் கட்டுப்பாட்டுக்காக எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்ததும் உண்மைதான், ஆனால் வீழ்ச்சியின் பெரிய பகுதி காகிதத்தில் நடந்தது.

இன்னொன்று. ஹெமியின் 425 என்பது நிமிடத்துக்கு 5,000 சுற்றில் சொல்லப்பட்ட எண். எல்எஸ்6-இன் 450 என்பது 5,600 சுற்றில். ஹெமி 5,000 சுற்றோடு நின்றுவிடும் எஞ்சின் அல்ல. அந்தக் காலத்துப் பத்திரிகைச் சோதனைகளில் இரண்டுமே கால் மைல் தூரத்தை 13 விநாடி சொச்சத்தில் கடந்தன. டயரும் பின் அச்சின் பல்சக்கர விகிதமும் ஓட்டியவரின் கையும் மாறினால் வரிசையும் மாறிவிடும்.

ஆக, எது வேகம் என்ற கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிடலாம்.

## பத்திரமும் நிலமும்

ஊரில் அடுத்தடுத்து இரண்டு மனைகள் இருக்கின்றன. ஒரே அளவு, ஒரே மண், ஒரே தெரு. ஒன்றுக்கு மூலப் பத்திரம் கையில் இருக்கிறது, வில்லங்கச் சான்றும் சுத்தம். மற்றதற்கு ‘எங்க தாத்தா காலத்திலிருந்து எங்களுதுதான்’ என்ற வாய்ப்பேச்சு மட்டும். இரண்டையும் ஒரே விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். மசில் கார் சந்தையும் இதே மாதிரிதான் இயங்குகிறது. எஞ்சினும் பட்டையும் பெயின்டும் மண்ணைப் போல, கண்ணுக்குத் தெரிபவை. விலையைத் தீர்மானிப்பது தொடர்ச்சியான ஆதாரம்.

முதல் ஆதாரம் வின் எண். நம் ஊரில் சேஸிஸ் நம்பர் என்று சொல்கிறோமே, அதற்கு இணையான வாகன அடையாள எண். இந்த இரண்டு கார்களிலும் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் டாஷ்போர்டின் ஓட்டுநர் பக்கத்தில் ஒரு சிறிய தகட்டில் தெரியும்.

1970 ஹெமி குடாவின் வின் எண் ‘பிஎஸ்23ஆர்0பி’ என்று தொடங்கும். பி என்றால் பாரகுடா. எஸ் அதன் விலை வகுப்பு. 23 என்றால் இரண்டு கதவு வைத்த மூடிய கார். ஐந்தாவதாக வரும் ‘ஆர்’ எழுத்துதான் 426 ஹெமி. அடுத்த பூஜ்யம் 1970. கடைசி பி, மிச்சிகன் மாநிலத்து ஹாம்ட்ராம்க் தொழிற்சாலை. அப்புறம் வரிசை எண். எந்த எஞ்சினோடு பிறந்தது என்பதை இந்தக் காரே தன் நெற்றியில் எழுதி வைத்திருக்கிறது.

1970 செவெல் வேறு ரகம். எல்எஸ்6 மூடிய காரின் வின் எண் ‘136370’ என்று தொடங்கும். 1 என்றால் செவர்லே, 36 என்றால் எட்டு சிலிண்டர் மலிபு (செவெலின் ஒரு வகை), 37 என்றால் இரண்டு கதவு, 0 என்றால் 1970. எஞ்சினைப் பற்றி இதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கடைக்குப் போய்வர 200 குதிரைத்திறன் கொண்ட சின்ன 307 எஞ்சினோடு யாரோ வாங்கிய மலிபுவும் இதே ஆறு எண்களோடுதான் தொடங்கும். எஸ்எஸ் என்பது அந்த ஆண்டு தனி மாடல் இல்லை, வெறும் ஆப்ஷன் பொதி. ஜிடிஓ-வில் பார்த்த அதே பழைய குறுக்குவழி இங்கே சேகரிப்பாளரின் தலையில் வந்து விழுகிறது.

இரண்டு கார்களுக்கும் இடையே இருக்கும் மிகப் பெரிய வித்தியாசம் எது என்று என்னைக் கேட்டால், எஞ்சினையோ அழகையோ சொல்ல மாட்டேன். இந்த ஒற்றை ‘ஆர்’ எழுத்தைத்தான் சொல்வேன்.

## மேட்சிங் நம்பர்ஸ்

அதிகம் புழங்கி அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் இது. எஞ்சின் பிளாக்கிலும் கியர்பாக்ஸிலும் தொழிற்சாலையில் காரின் வின் எண்ணின் சுருக்கத்தைக் குத்தி வைத்தார்கள். டாஷ்போர்டில் இருக்கும் எண்ணோடு இவை பொருந்தினால், பிறக்கும்போது இருந்த அதே எஞ்சின் இன்னும் காரில் இருக்கிறது என்று பொருள். அதுதான் மேட்சிங் நம்பர்ஸ். ‘சரியான வகை எஞ்சின் இருக்கிறது’ என்பது இது ஆகாது. வேறொரு காரிலிருந்து கழற்றிய எல்எஸ்6-ஐ வைத்தாலும் கார் நன்றாகவே ஓடும். ஆனால் எண்கள் பொருந்தாது.

செவெலில் இதைப் பார்க்கும் இடம், பயணி பக்கத்துச் சிலிண்டர் தலைக்கு முன்னால் இருக்கும் சிறிய தட்டையான பரப்பு. அங்கே இரண்டு வரிசைக் குறிகள் இருக்கும். ஒன்று எஞ்சின் தயாரான தேதியும் அதன் வகையும். நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா ஆலையைக் குறிக்கும் ‘டி’ எழுத்தில் தொடங்கி, மாதமும் நாளும் வந்து, மூன்றெழுத்துக் குறியில் முடியும். அந்தக் குறி ‘சிஆர்வி’ என்றால் நான்கு கியர் எல்எஸ்6. ‘சிஆர்ஆர்’ என்றால் ஆட்டோமேட்டிக் எல்எஸ்6. மற்ற வரிசை, வின் எண்ணின் சுருக்கம். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் மரியாதை.

ஆனால் சில எழுத்தைக் குத்துவதற்கு உளியும் சுத்தியும் போதுமே. பணம் இருக்கும் இடத்தில் போலி வராமல் இருக்குமா? பழைய எண்களைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்துவதை ரீஸ்டாம்ப் என்கிறார்கள். ஆலையில் அந்தப் பரப்பைச் செதுக்கிய இயந்திரம் மெல்லிய, இணையான கோடுகளை விட்டுச் சென்றிருக்கும். தேய்த்த பரப்பில் அந்தக் கோடுகள் போயிருக்கும், அல்லது வேறு திசையில் ஓடும். எழுத்துகளின் ஆழமும் வரிசையும்கூடக் காட்டிக்கொடுக்கும். தேர்ந்தவர்கள் முதலில் எண்ணைப் படிப்பதே இல்லை, பூதக்கண்ணாடி வைத்து இந்தக் கோடுகளைத்தான் பார்க்கிறார்கள். அப்புறம் பிளாக்கை வார்த்த தேதி. அது காரைக் கட்டிய தேதிக்குச் சில வாரங்களாவது முந்தியதாக இருக்க வேண்டும். கார் பிறந்த பிறகு வார்த்த எஞ்சின் அதற்குள் எப்படி வந்திருக்கும்?

குடாவில் ‘ஆர்’ எழுத்து இருப்பதால் கவலையே இல்லை என்று நினைக்கவும் வேண்டாம். அங்கே மோசடி வேறு ரூபத்தில் வரும். துருப்பிடித்து உதிர்ந்துபோன ஹெமி குடாவின் வின் தகட்டை எடுத்து நல்ல நிலையில் இருக்கும் சாதாரண பாரகுடாவில் பொருத்திவிடுவார்கள். அமெரிக்காவில் இது குற்றம். அதனால்தான் டாஷ்போர்டு தகட்டோடு நிற்காமல், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் போன்ற இடங்களில் உடம்பிலேயே குத்தியிருக்கும் எண்ணையும் தேடிப் பார்க்கிறார்கள்.

சுருக்கமாக: வின் எண் கார் யார் என்று சொல்கிறது, குடாவில் எஞ்சினையும் சேர்த்துச் சொல்கிறது, செவெலில் சொல்வதில்லை. மேட்சிங் நம்பர்ஸ், அந்தப் பழைய எஞ்சின் இன்னும் இருக்கிறதா என்று சொல்கிறது.

## காகிதம் கிடைத்தால் அதிர்ஷ்டம்

காரைக் கட்டும்போது எந்தெந்தப் பாகம் போட வேண்டும் என்று தொழிலாளர்களுக்கு அச்சிட்டுக் கொடுத்த தாளுக்குப் பில்ட் ஷீட் என்று பெயர். வேலை முடிந்ததும் அதற்கு மதிப்பில்லை. இருக்கையின் கம்பிச் சுருளுக்கு அடியிலோ, செவெல் என்றால் பெட்ரோல் டேங்கின் மேலேயோ கிடந்துவிடும். எலி கடித்து, எண்ணெய் ஊறி, பாதி கிழிந்த அந்தத் தாள்தான் இன்று ஓர் எல்எஸ்6 செவெலின் தலையெழுத்தை மாற்றுகிறது. உத்தரவாதக் கையேட்டில் ஒட்டியிருந்த சிறிய உலோகத் தகடு (புரொடெக்ட்-ஓ-பிளேட் என்பார்கள்) தொலையாமல் இருந்தால் அதிலும் எஞ்சினின் குறி இருக்கும். கனடாவில் விற்ற கார்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸின் கனடா கிளை பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருந்ததால், அங்கே போன செவெல்களுக்கு ஆதாரம் தேடுவது எளிது. அமெரிக்காவில் விற்ற 1970 செவெலுக்கு அந்த வசதி இல்லை.

குடாவில் பானெட்டைத் திறந்தாலே ஃபெண்டர் டேக் என்ற தகடு இருக்கும். நிறம், உள்ளலங்காரம், எஞ்சின் முதல் ஆப்ஷன்கள் வரை குறியீடுகளாக அதில் அடித்திருப்பார்கள். ‘இ74’ என்று இருந்தால் ஹெமி. ‘வைட்டமின் சி’ என்று பெயர் வைத்த கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறக் கார், இன்று கறுப்பாக நின்றால் அதையும் இந்தத் தகடு போட்டுக்கொடுத்துவிடும்.

மைல் கணக்கு காட்டும் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அந்தக் காலத்து மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். ‘வெறும் 22,000 மைல்’ என்பது 1,22,000 ஆகவும் இருக்கலாம்.

## 35 லட்சம் டாலர் எங்கிருந்து வந்தது

2014-இல் சியாட்டிலில் மெக்கம் நிறுவனம் நடத்திய ஏலத்தில் அந்தத் தொகைக்குப் போனது 1971-ஆம் ஆண்டு ஹெமி குடா கன்வெர்டிபிள், அதுவும் நான்கு கியர் வைத்தது. 1971-இல் ஹெமி கன்வெர்டிபிள் மொத்தமே 11தான் செய்தார்கள். 1970-இன் 652 மூடிய கார்களுக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் உண்டு, விலைப் பொருத்தம் கிடையாது.

ஆனால் மூடிய ஹெமி குடாவும் எல்எஸ்6 செவெலைவிடத் தெளிவாகவே அதிக விலைக்குப் போகிறது. எண்ணிக்கை குறைவு, பந்தயப் பெயர், வின் எண்ணிலேயே இருக்கும் ஆதாரம் என்று மூன்றும் சேர்ந்துகொள்கின்றன. அதே சமயம், விலை ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையும் ஆபத்து. 2006, 2007 வாக்கில் உச்சத்தில் இருந்த மசில் கார் விலைகள், 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு நன்றாகவே இறங்கின. உச்சத்தில் வாங்கியவர்களில் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

## தகரமும் துருவும்

செவெலின் உடம்பு தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். தூக்கி எடுத்துச் சரிசெய்யலாம். குடாவில் உடம்பும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே கூடு. தரையும் முன் தாங்கிகளும் துருப்பிடித்தால் காரின் எலும்பே போகிறது, செலவும் அதற்கேற்ப. செவெல் நிறைய விற்ற கார் என்பதால் புதிதாகச் செய்த பாகங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்த வசதிக்கு இன்னொரு முகமும் உண்டு: சாதாரண மலிபுவை எல்எஸ்6 போல மாற்றுவதும் அதே அளவுக்கு எளிது. இப்படி மாற்றியதைக் குளோன் என்கிறார்கள். குளோன் என்று சொல்லி விற்றால் அதில் தவறே இல்லை.

## அப்படியென்றால் எதை வாங்குவது

கண்ணாடிக் கூடத்தில் வைத்துப் பல வருடம் காத்திருக்கப் போகிறவருக்கு, காகிதமும் எண்களும் சரியாக இருக்கும் ஹெமி குடா. எண் பொருந்தாத ஹெமி குடாகூட, அந்த ‘ஆர்’ எழுத்து இருக்கும்வரை, ஹெமி குடாவாகத்தான் பிறந்தது. விலை குறையும், பெயர் போகாது. செவெலில் நிலைமை நேர் எதிர். எஞ்சினும் போய்க் காகிதமும் இல்லையென்றால், அது எல்எஸ்6 என்று சொல்ல எதுவுமே மிஞ்சாது. விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, அதை மலிபு விலைக்கு மேல் பேசத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்பவர் இரண்டையும் விட்டுவிட்டு ஓர் எல்எஸ்5 செவெலைத் தேடலாம். இல்லாவிட்டால், குளோன் என்று விற்பவரே ஒப்புக்கொண்ட நல்ல செவெல். மிதியை அழுத்தினால் பானெட்டின் பின்விளிம்பில் இருக்கும் சின்னக் கதவு படக்கென்று திறந்து காற்றை இழுக்கும் கவல் இண்டக்‌ஷன் அமைப்பு (ஆப்ஷனாக வாங்கியிருந்தால்) அதிலும் வேலை செய்யும், கீறல் விழுந்துவிடுமோ என்ற பயமும் அவ்வளவாக இருக்காது.